'தட்ஸ் ஆல்!' - ஒரே ஒரு குறும்படத்தில் முகம் காட்டிவிட்டு விடைபெற்ற பாடகி

பாட்டு முடிந்துவிட்டது. வாத்தியங்களும் ஓய்ந்துவிட்டன. இனி பழைய ரெக்கார்டின் கரகரப்பு மட்டும்தான் என்று நாம் நினைக்கும்போது, ஒரு பெண் குரல் சிரிப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, "தட்ஸ் ஆல்" என்கிறது. "அவ்வளவுதான்!" கல்லிலிருந்து கடைசி தோசையை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு அம்மா சொல்வாரே, அந்த மாதிரி.

கிட்டத்தட்ட நூறு வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவில் பதிவான குரல் அது. பாடியவர் பெயர் அனெட் ஹேன்ஷா. 1920-களின் பிற்பகுதியிலும் 30-களின் முற்பகுதியிலும் அமெரிக்க வீடுகளில் அதிகம் ஒலித்த பெண் குரல்களில் ஒன்று. 1934 வாக்கில் அவருடைய ரெக்கார்டுகள் 40 லட்சத்துக்கும் மேல் விற்றிருந்ததாகச் சொல்கிறார்கள். இன்றைக்குப் பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேகரிப்பவர்களை விட்டால், அந்த ஊரிலேயே அவர் பெயரைச் சொன்னால் 'யாரு?' என்றுதான் கேட்பார்கள். சினிமா கேமராவில் அவர் முகம் பதிவானது ஒரே ஒரு முறை. 1933-ல் வந்த ஒரு சின்னப் படத்தில்.

நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். 'ஒரே படத்தில் தலைகாட்டிய நாயகி... இப்போது எப்படி இருக்கிறார் தெரியுமா?' என்பது மாதிரித் தலைப்புகளை மாதத்துக்கு நான்கைந்தாவது எழுதுவேன். நீங்களும் க்ளிக் செய்திருப்பீர்கள். ஆள்தான் மாறுவார், கதை எப்போதும் ஒன்றுதான். புகழின் உச்சி, சறுக்கல், இருட்டு, கடைசியில் ஒரு சோகமான புகைப்படம். ஹேன்ஷாவின் கதை அந்த அச்சுக்குள் உட்காரவில்லை. அதனாலேயே அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த அமெரிக்கப் பாடகியின் குரலை நான் முதன்முதலில் கேட்டது ராமாயணத்தில்! அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கூந்தலைக் கத்தரித்த காலம்

முதல் உலகப் போர் முடிந்திருந்தது. 1920-ல் அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. நகரத்து இளம்பெண்கள் சம்பாதிக்க ஆரம்பித்தார்கள். கூந்தலைக் காதுமடல் வரை கத்தரித்துக்கொண்டு, முழங்கால் தெரிய கவுன் போட்டுக்கொண்டு, உதட்டுச் சாயத்துடன் ராத்திரி ஜாஸ் இசைக்கு ஆடப் போனார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. அந்தப் பெண்களுக்கு 'ஃப்ளாப்பர்' என்று ஒரு பெயரும் கிடைத்தது.

அந்தப் பெண்களின் மனதில் ஓடிய காதல், கோபம், குறும்பு, 'போனா போறான்' என்கிற அலட்சியம், அதற்கு அடியில் இருந்த அழுகை எல்லாவற்றையும் பாட்டாகப் பாடத் தனியே ஒரு குரல் தேவைப்பட்டது. அதற்கு டெக்னாலஜியும் சரியான நேரத்தில் கைகொடுத்தது. 1925 வரை ரெக்கார்டிங் என்றால், பெரிய புனல் மாதிரியான குழாய்க்கு முன்னால் நின்று உரக்கப் பாட வேண்டும். அந்தச் சத்தத்தின் அதிர்விலேயே ஊசி அசைந்து மெழுகில் பள்ளம் கீறும். மெதுவாகப் பாடினால் பதிவே ஆகாது. 1925-ல் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை சந்தைக்கு வந்தது. இனி தொண்டை கிழியக் கத்த வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் பேசுவதுபோலப் பாடலாம்.

அடுத்த வருடமே, 1926-ல், நியூயார்க்கில் ஹேன்ஷாவின் முதல் ரெக்கார்டு வந்தது. பாத்தே ரெக்கார்டு கம்பெனியின் வாலி ரோஸ் என்பவர்தான் அவரைப் பாட அழைத்து வந்தவர். பின்னாளில் ஹேன்ஷா திருமணம் செய்துகொண்டதும் அவரைத்தான். ஆரம்ப காலப் பதிவு ஒன்றில், பாட்டு முடிந்த கையோடு யோசிக்காமல் வாயில் வந்ததுதான் அந்த 'தட்ஸ் ஆல்.' கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. பிறகு அதுவே அவருடைய கையெழுத்தாகிவிட்டது.

ஹேன்ஷாவின் குரலில் வித்வத்தனமெல்லாம் இல்லை. ராகம் இழுத்துக் காட்டும் ஆர்ப்பாட்டம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பாடுவது போலிருக்கும். ஆனால், பின்னால் வாசித்தவர்கள் சாதாரண ஆட்கள் கிடையாது. பென்னி குட்மேன், டோர்ஸி சகோதரர்கள், கிட்டாரில் எடி லாங், வயலினில் ஜோ வெனுட்டி என்று பின்னாளில் ஜாஸ் வரலாற்றில் தனி அத்தியாயம் பெற்றவர்கள் அவருடைய பதிவுகளில் வாசித்திருக்கிறார்கள்.

ஒரு குரல், பல பெயர்கள்

அந்தக் கால ரெக்கார்டு வியாபாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே பாடகியை வேறு வேறு பெயரில், வேறு வேறு லேபிளில் விற்பார்கள். ஹேன்ஷாவுக்கும் அப்படி ஏகப்பட்ட பெயர்கள். சோகப் பாட்டு என்றால் 'கே எல்லிஸ்.' குழந்தைக் குரலில் கொஞ்சிப் பாடினால் 'டாட் டேர்' அல்லது 'பாட்ஸி யங்.'

இந்தக் கொஞ்சல் குரலுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதை இருக்கிறது. 1928-ல் ஹெலன் கேன் என்ற பாடகி 'பூப் பூப் அ டூப்' என்று கொஞ்சிப் பாடி அமெரிக்காவையே கிறங்கடித்தார். உடனே எல்லா ரெக்கார்டு கம்பெனிகளுக்கும் தங்களுக்கென்று ஒரு 'ஹெலன் கேன்' தேவைப்பட்டது. ஹேன்ஷாவும் அந்த பாணியில் பாடிக் கொடுத்தார், வேறு பெயரில். 1930-ல் 'பெட்டி பூப்' கார்ட்டூன் வந்தபோது, 'இது என் பாணி' என்று ஹெலன் கேன் கேஸ் போட்டு, 1934-ல் தோற்றுப்போனார். பெண்களின் குரலும் பாணியும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, ஏ.ஐ. குரல்களைப் பார்த்து நாம் இன்றைக்குக் கேட்பதற்கு ரொம்ப நாள் முன்பே நீதிமன்றம் ஏறிவிட்டது.

வயதிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. ஹேன்ஷா 1910-ல் பிறந்தவர் என்றே பல வருடங்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி, முதல் ரெக்கார்டு வந்தபோது பள்ளிக்கூட வயதுப் பெண்! உண்மையில் அவர் பிறந்தது 1901 அக்டோபர் 18. மைக் முன்னால் முதலில் நின்றபோது வயது 24, 25. அதாவது, இப்போது என் வயது.

பத்து நிமிடப் படம்

இனி அந்த ஒரே படத்துக்கு வருவோம்.

1930-களில் அமெரிக்கத் தியேட்டரில் டிக்கெட் எடுத்தால் மெயின் படம் மட்டும் ஓடாது. முன்னால் ஒரு நியூஸ்ரீல், ஒரு கார்ட்டூன், ஒரு காமெடித் துண்டுப் படமோ பாட்டுப் படமோ வரும். ஒரு ரீல் என்பது 1,000 அடி. ஓட்டினால் சுமார் 11 நிமிடம். பேசும் படம் வந்த புதிதில், மேடையில் புகழ்பெற்ற காமெடியன்களையும் பாடகர்களையும் அழைத்துவந்து கேமரா முன்னால் நிறுத்தி இந்தக் குறும்படங்களை எடுத்துத் தள்ளினார்கள். இன்றைய ரீல்ஸுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1933 பொருளாதாரப் பெருமந்தத்தின் உச்சம். அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. தியேட்டருக்குப் போகக் காசில்லாதவர்கள் வீட்டில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்படி ஊரே வியாழக்கிழமை ராத்திரி காத்திருந்து கேட்ட நிகழ்ச்சிதான், மேக்ஸ்வெல் ஹவுஸ் காபி கம்பெனி வழங்கிய 'ஷோ போட்.' 1932-ல் என்.பி.சி ரேடியோவில் ஆரம்பித்தது. கதை என்னவென்றால், நாடகக் கப்பல் ஒன்று மிசிசிப்பி ஆற்றில் மிதந்து வரும். வாரம் ஓர் ஊரில் நிற்கும். கேப்டன் ஹென்றி மேடையேறி எல்லோரையும் அறிமுகப்படுத்துவார். பாட்டும் காமெடியும் நடக்கும். கப்பலும் கிடையாது, ஆறும் கிடையாது. எல்லாமே ஸ்டூடியோவில் எழுப்பிய சத்தங்கள்தான். கேட்டவர்கள் தங்கள் மனதுக்குள் கப்பலைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்த நிகழ்ச்சியில் இன்னொரு வேடிக்கை உண்டு. சில கதாபாத்திரங்களுக்குப் பாடுபவர் ஒருவர், வசனம் பேசுபவர் வேறொருவர்! பின்னணிக் குரலும் டப்பிங்கும் பார்த்தே வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ரேடியோவில் முகமே தெரியாது என்பதால் அங்கே அது இன்னும் சுலபம்.

ஆனால், கேட்டவர்களுக்கு முகத்தைப் பார்க்கும் ஆசை வராமலா இருக்கும்? அந்த ஆசைக்குத்தான் பாரமவுன்ட் நிறுவனம் 1933-ல் 'கேப்டன் ஹென்றிஸ் ரேடியோ ஷோ' என்ற குறும்படத்தை எடுத்தது. ரேடியோவில் கேட்டதைத் திரையில் பார்க்கலாம், அவ்வளவுதான் திட்டம். கேப்டன் ஹென்றியாக சார்லஸ் வின்னிங்கர். பாடகர் லானி ராஸ். இவர்கள் நடுவே அனெட் ஹேன்ஷா.

இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இதன் காமெடி ஜோடி, கறுப்பினத்தவராக வேஷம் கட்டிய இரண்டு வெள்ளைக்காரர்கள். முகத்தில் கரி பூசி, கறுப்பின மக்களின் பேச்சைக் கொச்சையாக்கிச் சிரிக்க வைப்பது அன்றைய அமெரிக்க மேடையில் சர்வசாதாரணம். ஹேன்ஷா பாடிய ஜாஸ் பிறந்ததே கறுப்பின மக்களிடமிருந்துதான் என்று நினைக்கும்போது, அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. 'அந்தக் காலம் எவ்வளவு இனிமை' என்று எழுத வரும் கையை இது கொஞ்சம் பிடித்து நிறுத்தத்தான் செய்கிறது.

ஹேன்ஷாவின் முறை வருகிறது. மைக் முன்னால் நின்று பாடுகிறார். அவர் பாடும் பாட்டின் தலைப்பு, 'வீ ஜஸ்ட் குடன்ட் ஸே குட்பை.' பிரிந்துவிடலாம் என்று முடிவு செய்த இருவரால் 'போய் வருகிறேன்' என்று சொல்ல முடியாமல் போவதுதான் விஷயம். அவர் குரலில் இருக்கும் அந்தச் சிரிப்பு கண்ணிலும் இருக்கிறது. கேமராவைவிட மைக்தான் அவருக்கு நெருக்கமான சினேகிதி என்று எனக்குப் பட்டது. சில நிமிடங்கள்தான். பாட்டு முடிகிறது. படமும் அடுத்ததற்குப் போய்விடுகிறது.

சினிமாவில் அவருடைய மொத்தப் பங்கும் அவ்வளவுதான்.

பிடிக்காத குரல்

அதற்கு அடுத்த வருடம் ரேடியோ பத்திரிகை ஒன்று நடத்திய வாக்கெடுப்பில், ஆண் பாடகர்களில் பிங் கிராஸ்பியும் பெண் பாடகிகளில் ஹேன்ஷாவும் முதலிடத்துக்கு வந்தார்கள். பிங் கிராஸ்பியை உலகம் இன்றும் கிறிஸ்துமஸ்தோறும் கேட்கிறது. ஹேன்ஷாவோ அந்த உச்சியில் இருக்கும்போதே ரெக்கார்டு கொடுப்பதை நிறுத்தினார். 1937-ல் ரேடியோவையும் விட்டார். அதற்குப் பின் 48 வருடங்கள், 1985 மார்ச் 13-ல் நியூயார்க்கில் இறக்கும்வரை, மேடைப் பக்கம் திரும்பாத ஒரு சாதாரண வாழ்க்கை. 1954-ல் வாலி ரோஸ் இறந்த பிறகு மறுமணமும் செய்துகொண்டார்.

ஏன் விட்டார்? குரல் போய்விட்டதா? வாய்ப்பு நின்றுவிட்டதா? யாராவது ஏமாற்றினார்களா? டிஜிட்டல் டெஸ்க் மூளை இப்படித்தான் வரிசையாகக் கேட்கும். வயதான காலத்தில் கொடுத்த பேட்டியில் அவரே சொன்ன பதில் ரொம்ப எளிமையானது. இசைக் கலைஞர்களோடு சேர்ந்து பாடுவது அவருக்குப் பிடிக்கும். ஆனால், அந்தத் தொழில் பிடிக்காது. நிகழ்ச்சிக்கு முன்னால் பயம் பிடித்து ஆட்டும். தன் ரெக்கார்டுகளையே அவருக்குப் பிடிக்காது. வெளியானதும் கேட்டுவிட்டு, 'இவ்வளவு மோசமாகவா பாடியிருக்கிறோம்' என்று அழுதிருக்கிறார்.

நாற்பது லட்சம் ரெக்கார்டு விற்ற குரல். அந்தக் குரலைப் பிடிக்காத ஒரே ஆள், அதற்குச் சொந்தக்காரர்!

எனக்கு இது வேடிக்கையாகத் தெரியவில்லை. நானே எழுதி, நானே வாய்ஸ் ஓவர் கொடுக்கும் வீடியோக்கள் வாரத்துக்கு இரண்டாவது போகும். எடிட்டிங்கில் ஹெட்போனை மாட்டினால், 'யாரு இந்த மூக்கடைச்ச பொண்ணு?' என்று இருக்கும். இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, நம் மண்டை எலும்பின் அதிர்வு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு, குரலின் கீழ் ஸ்தாயியைக் கூட்டிக் கொடுக்கும். ரெக்கார்டில் அது இல்லாததால், நம் குரலே நமக்கு மெலிந்து, அந்நியமாகக் கேட்கிறது. ஊர் முழுக்கக் கேட்கும் நம் குரல் நமக்கு மட்டும்தான் புதிது.

ஹேன்ஷாவின் அழுகைக்கு இந்த எலும்புக் கணக்கு மட்டும் காரணமாக இருக்காது. ஆனாலும், ஒருவர் தன் வேலையை உள்ளிருந்து கேட்பதும் மற்றவர்கள் வெளியிலிருந்து கேட்பதும் ஒன்றல்ல என்பதை அந்தக் கணக்கு எனக்குப் புரியவைத்தது.

"பரிதாபப்படாதே, கேளு"

விலகிப்போன பாடகி எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். என் பெரியம்மா. திருச்சியில் 80-களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடினார். ஐந்தாறு வருடங்கள். பிறகு நிறுத்திவிட்டார். அவர் பாடியதற்கு இருக்கும் ஒரே சாட்சி, தூரத்து உறவினர் ஒருவரின் கல்யாண வீடியோ கேசட். ரிசப்ஷன் மேடையின் ஓரத்தில் பச்சைப் பட்டுப்புடவையில் நின்று மூன்று நிமிடம் பாடுகிறார். நடுவில் கேமராமேன் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டு வருகிறார்!

அந்த கேசட்டை டிஜிட்டலாக மாற்றி வாங்கியதும், ஹேன்ஷாவின் குறும்படத்தைப் பார்த்துவிட்டிருந்த வேகத்தில் பெரியம்மாவிடம் கேட்டேன். "பெரியம்மா, இதை ரீல்ஸா போடட்டுமா? 'மறந்துபோன மேடைப் பாடகி'ன்னு தலைப்பு வெச்சா பிச்சுக்கும்."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதாகப் பார்த்தார். "இந்தப் பொண்ணு பரவால்லாமதான் பாடியிருக்கா" என்றார், யாரையோ சொல்வதுபோல. பிறகு, "வேணாம்மா" என்றார்.

"ஏன் பெரியம்மா?"

"நாலு பேர் வந்து, 'அடப்பாவமே, இவ்ளோ நல்லாப் பாடிட்டு வீட்ல முடங்கிட்டாங்களே'ன்னு எழுதுவாங்க. என்னை யாரும் நிறுத்தல. ராத்திரி ரெண்டு மணிக்கு வேன்ல வந்து இறங்கி, காலைல எட்டரைக்கு ஸ்கூல்ல போய் நிக்கணும். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாடியும் வயித்தைப் பெரட்டும். ஒருநாள், போதும்னு தோணுச்சு. நிறுத்திட்டேன். உனக்குப் பிடிச்சிருந்தா நீ கேளு. பரிதாபப்படாதே, கேளு."

ரீல்ஸ் போடவில்லை. வீடியோ என் போனில் இருக்கிறது. இதைக் கட்டுரையில் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "பேரு மட்டும் போடாதே" என்று அனுமதி கொடுத்தார்.

பாட்டை, நடிப்பை, வேலையை விடவைக்கப்பட்ட பெண்கள் நம்மைச் சுற்றி ஏராளம். அதை மறுப்பதற்கில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, தானாக விலகிய ஒரு பெண்ணைப் பார்த்தாலும் விழுந்துவிட்டவராகவே நினைத்துவிடுகிறோம். 'மறக்கப்பட்டவர்' என்று நாம் சொல்லும்போது, ஊர் தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் அவரும் ஆசைப்பட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறோம். ஹேன்ஷாவுக்கு அந்த ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. அந்த பயம் மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் பாடியிருப்பாரா? பாடியிருக்கலாம். ஆனால் அந்த பயத்தோடு பத்து வருடம் பாடியவருக்கு, இனி போதும் என்று சொல்ல முழு உரிமை உண்டு.

சீதைக்குக் கிடைத்த குரல்

இப்போது ராமாயணத்துக்கு வருகிறேன்.

நீனா பேலி என்ற அமெரிக்க கார்ட்டூன் கலைஞரின் கணவருக்கு 2002-ல் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தது. அவரும் அங்கே வந்து சேர்ந்தார். அங்கேதான் ராமாயணத்தைப் படிக்க ஆரம்பித்தார். ஒரு சின்ன வேலையாக நியூயார்க் போயிருந்தபோது கணவரிடமிருந்து ஈமெயில் வந்தது. 'திரும்பி வர வேண்டாம்.' தங்க வீடில்லாமல் தெரிந்தவர்கள் வீட்டு சோபாக்களில் படுத்துக் கிடந்த நாட்களில், பழைய ரெக்கார்டு சேகரிப்பவர் ஒருவர் வீட்டில் ஒரு குரலைக் கேட்டார். அனெட் ஹேன்ஷா.

காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதையும், ஈமெயிலில் கைவிடப்பட்ட தானும், 1920-களில் 'என்னை விட்டுப் போனாயே' என்று ஜாஸ் பாடிய குரலும் அவருக்குள் ஒன்றாகக் கலந்தன. வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் தனியாகவே உட்கார்ந்து வருடக்கணக்கில் வரைந்து, 'சீதா சிங்ஸ் த ப்ளூஸ்' என்ற 82 நிமிட அனிமேஷன் படத்தை முடித்தார். 2008-ல் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. படத்தில் சீதை வாய் திறந்து பாடும்போதெல்லாம் வருவது ஹேன்ஷாவின் குரல். பழைய ரெக்கார்டுகள் அப்படியே, கரகரப்போடு!

அந்தப் பாடல்களுக்காக நீனா பட்ட பாடு தனிக்கதை. சிக்கல் ஹேன்ஷாவின் குரலால் வரவில்லை. அந்தப் பாடல்களை எழுதி இசையமைத்தவர்களின் காப்புரிமை கைமாறி பெரிய நிறுவனங்களிடம் இருந்தது. அவர்கள் முதலில் கேட்ட தொகை சுமார் 2,20,000 டாலர். பேசிப் பேசி 50,000 டாலரில் வந்து நின்றது. அதையும் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, 2009-ல் படத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், பகிரலாம் என்று இணையத்தில் விட்டுவிட்டார். படத்துக்கு விருதுகள் கிடைத்தன. ரோஜர் ஈபர்ட் போன்ற விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ராமாயணத்தைக் கையாண்ட விதத்துக்காகக் கடுமையான எதிர்ப்பும் வந்தது. பார்ப்பவர்கள் தங்கள் முடிவைத் தாங்களே எடுத்துக்கொள்ளட்டும்.

எனக்கு அந்தப் படத்தில் மறக்க முடியாதது, பாட்டு முடிந்ததும் வரும் அந்த இரண்டு வார்த்தைகள்தான். ராமன் விட்டுப் போயிருப்பான். சீதை நெஞ்சு வெடிக்கப் பாடி முடித்திருப்பாள். கடைசியில் ஒரு துள்ளலோடு 'தட்ஸ் ஆல்!' முதன்முறை கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். அடுத்த தடவை சிரிக்க முடியவில்லை. எவ்வளவு பெரிய துக்கத்தையும் பாடி முடித்து, முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிற தெம்பு அதில் இருந்தது.

தனக்கே பிடிக்காத, கேட்டுவிட்டு அழுத அந்த ரெக்கார்டுகள்தான், அவர் இறந்து 23 வருடங்கள் கழித்து, அவர் பார்த்தேயிராத ஒரு பெண்ணின் துக்கத்துக்குத் துணையாக வந்தன. அந்தப் பெண்ணின் படம் வழியாக இங்கே என் ஹெட்போனுக்கும் வந்து சேர்ந்தன. ஹேன்ஷா மேடையை விட்டுப் போனதில் எந்தத் தவறும் இல்லை. அவர் குரல் போகாமல் இருந்துவிட்டதில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு நேரம் இருந்தால் முதலில் அந்த 1933 குறும்படத்தில் அவரைப் பாருங்கள். பெயருக்கு ஒரு முகம் கிடைத்துவிடும். அப்புறம் ராத்திரி வேலையெல்லாம் முடிந்து வீடு அடங்கியதும், அவருடைய பழைய ரெக்கார்டு ஏதாவது ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் ஓடும். இசை நின்றதுமே அடுத்த பாட்டுக்குத் தாவிவிடாதீர்கள். ஒரு நொடி பொறுங்கள். அவர் இன்னும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.